உயிர்க் காலேஜில் ஒரு காலைப் பொழுது

சென்னைப் பட்டணத்தில் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த அன்பர்களுக்கு ‘உயிர்க் காலேஜ்’ என்றால் விளக்கம் வேண்டுவதில்லை. எழும்பூர் அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’; மூர் மார்க்கெட்டின் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலை ‘உயிர்க் காலேஜ்’. 1855ஆம் ஆண்டில் எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய அந்தச் சாலை, பின்னர் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் பெயர்ந்து, 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விரிந்தது.

மறு ஆண்டுக் கோடை விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு அங்கே சென்றிருந்தோம். பூத்துக் குலுங்கிய ஒரு சரக்கொன்றையின் நிழலில் அமர்ந்து தயிர் சாதம் உண்டோம். கொன்றை சிவபெருமானுக்கு உகந்த மலர் ஆயிற்றே! ஆனால் பூங்காவில் பூப் பறிக்கலாகாது. தரையில் விழுந்த மலரோ பூசைக்கு ஆகாது. ஆகவே என் இல்லாள் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள். காற்று வீசும்போதெல்லாம் நாலைந்து பூக்கள் அதில் வந்து விழுந்தன. குழந்தைகள் சிரித்தார்கள். அவள் அசையவில்லை.

அந்த இல்லாள், கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது மூன்று ஆண்டுகளாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். கோயிலுக்குச் செல்வதும் நின்றுவிட்டது. உற்சவர் வீதியுலா வரும் நாளில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். சென்ற மாதம் பேரன் என்னை வண்டலூருக்கு அழைத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்தக் கொன்றை இன்னும் பூக்கிறதா என்று பார்த்து, ஒரு படம் எடுத்து வாருங்கள்.”

பேரன் தன் கைப்பேசியைக் கொடுத்துப் படம் எடுக்கக் கற்பித்தான். காலையிலேயே சென்றுவிட வேண்டும். அப்போதுதான் விலங்குகள் நடமாடும், வெயிலும் கண்ணைக் கூசாது. பறவைக் கூண்டுகளின் முன் நான் எடுத்த முதல் நாலு படங்களிலும் கம்பி வலைதான் தெளிவாக விழுந்தது. மயில் வெறும் நீலப் புகையாய்த் தெரிந்தது. “தாத்தா, திரையில் மயிலின் மேல் விரலை வையுங்கள்” என்றான். வைத்தேன். வலை மங்கி, மயில் துலங்கியது. ஃபிளாஷ் விளக்கைப் போடவே கூடாது என்றும் சொன்னான். இருட்டில் காணப் பழகிய கண்களை அந்த வெளிச்சம் எவ்வளவு வருத்தும்!

வெள்ளைப் புலி அகழிக்கு அப்பால் நமக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தது. அதைத் திருப்புவதற்காக இளைஞர் சிலர் கை தட்டினார்கள். சண்டிகேசுவரர் சந்நிதியில் ஓங்கிக் கை தட்டுவோரைப் பெரியவர்கள் கடிந்துகொள்வது நினைவுக்கு வந்தது. தியானத்தில் இருப்பவரை அப்படியா அழைப்பது? இன்னும் சிலர் புலிக்குத் தங்கள் முதுகைக் காட்டி நின்று, தம்மையே படம் பிடித்துக்கொண்டனர். சந்நிதிக்கு முதுகு காட்டலாகாது என்று வளர்க்கப்பட்ட எனக்கு அது சற்று உறுத்தியது. கிழவனின் உறுத்தல் என்று ஒதுக்கிவிடுங்கள். அரை மணி நேரம் காத்திருந்தும் புலி திரும்பவில்லை. அதன் முதுகுக் கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வெளிமான்கள் அவ்வளவு சோதிக்கவில்லை. கோடியக்கரையில் திரிகின்றனவே, அதே இனம். ஆண்மானின் கொம்பு முறுக்கிய கயிறு போல மேலேறுகிறது. மேனி கரிய நிறம், வயிறு வெண்மை. ஒன்று தலையைத் திருப்பி நின்ற கணத்தில் விரல் தானாகவே அழுத்திவிட்டது. பஞ்சலோகச் சோமாஸ்கந்தரின் பின்கரத்து மான், பெருமானை நோக்கித் திரும்பி நிற்கும் சாயல் அதில் இருந்தது.

பிறகு கொன்றையைத் தேடினோம். ஓட்டேரி ஏரிப் பக்கம் போகும் பாதை என்று நினைவு. இருமுறை நடந்தும் மரத்தைக் காணவில்லை. அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மையாரைக் கேட்டேன். “வர்தாவில் போச்சுங்க ஐயா. எத்தனையோ மரம் போச்சு” என்றார். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வீசிய அப்புயலில் பூங்காவின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததைப் படித்திருந்தேன். நம் மரம் தப்பியிருக்கும் என்று ஏன் நம்பினேனோ!

சற்றுத் தள்ளி வேறொரு முதிர்ந்த கொன்றை நின்றது. “இதை எடுங்கள் தாத்தா, பாட்டிக்குத் தெரியவா போகிறது?” என்றான் பேரன். எடுத்தேன். எடுத்த பிறகு மனம் கேட்கவில்லை. பாதையோரம் இரண்டாள் உயரத்தில் ஓர் இளங்கொன்றை, தாழ்ந்த கிளையில் இரண்டே கொத்துப் பூவோடு நின்றது. அதையும் எடுத்தேன்.

வீட்டில் அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். புலியின் முதுகைப் பார்த்துச் சிரித்தாள். மானைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். முதிர்ந்த கொன்றை வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது நம் மரம் அன்று. நம் மரத்தடியில் ஒரு பாறை இருந்தது, சின்னவன் அதில் ஏறி விழுந்தானே” என்றாள்.

உள்ளதைச் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்கலாம். அவள் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். பேரன் மெல்ல விரலால் தள்ளி அடுத்த படத்தைக் காட்டினான்.

“இது சிறிய மரம். கிளை தாழ்வாக இருக்கிறதே” என்றாள். பிறகு, “நாற்காலியில் உட்கார்ந்தபடியே முந்தானை பிடிக்கலாம் போலிருக்கிறது.”

பூங்காவுக்குள் பேட்டரி வண்டி ஓடுகிறது என்று பேரன் சொன்னான். பூக்காலம் இன்னும் சில வாரங்கள் இருக்கும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. மற்ற எந்த நாளானாலும் சரி என்றிருக்கிறாள்.