கொடியா? கூரையா?

எமது பாடசாலை ஆசிரியர் ஓய்வறையின் அறிவித்தற் பலகையிலே, சென்ற தவணை, நண்பர் ஒருவர் பத்திரிகைப் படமொன்றை ஒட்டிவைத்தார். அமெரிக்க நகரமொன்றின் சபைத் தேர்தலிற் போட்டியிடும் இளம் பெண்ணொருத்தியின் படம் அது. வியட்நாமிலிருந்து படகேறி வந்த பெற்றோரின் மகள். படத்தின் கீழ் நண்பர் தம் கைப்படவே, “உழைத்தால் உயரலாம்” என்று எழுதியிருந்தார். மறுநாள், இடதுசாரி இயக்கத்தில் முதிர்ந்த மற்றொரு நண்பர் அதனைப் பார்த்துவிட்டு, “சைகோன் கைக்கூலிகளின் பிள்ளைகள்தானே!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவ்விரு நண்பர்களோடும் நாம் வழக்காட விரும்புகின்றோம். ஒருவர் பாராட்டினார், மற்றவர் பழித்தார். ஆயினும் அப்பெண் தன் நகரத்துக்கு என்ன செய்யப் போகிறாள் என்று இருவரில் ஒருவர்தாமும் கேட்டாரில்லை.

பாராட்டியவரை முதலில் எடுத்துக்கொள்வோம். உழைத்தால் உயரலாமாம்! 1975 ஏப்ரல் 30 ஆம் நாள் சைகோனின் போர் முடிந்தது. (அதனை ‘விடுதலை’ என்பார் ஒரு சாரார், ‘வீழ்ச்சி’ என்பார் மறு சாரார், சொல்லைத் தெரிந்தெடுக்கும்போதே அணி தெரிந்துவிடுகின்றது.) அவ்வாண்டில் ஏறத்தாழ 130,000 பேர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தனர். பென்டில்டன், சாஃபி முதலிய படைமுகாம்களிலே அவர்களை வைத்திருந்த அரசு, ஓரிடத்தில் அவர்கள் செறிந்துவிடலாகாது என்பதற்காகவே நாடெங்கும் சிதறி அனுப்பியது. பல்லாண்டு குண்டு பொழிந்த கை, புகலிடம் கொடுக்கும்போதும் எண்ணி எண்ணித்தான் கொடுத்தது. சிதறடிக்கப்பட்டோர் தாமாகவே பெயர்ந்து, கலிபோர்னியாவின் ஒறேஞ்ச் மாவட்டத்திலும் சான் ஹொசே நகரிலும் மீண்டும் திரண்டனர். இன்று வியட்நாமுக்கு வெளியே வேறெந்த நகரத்திலும் இல்லாத அளவுக்கு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வியட்நாமியர் சான் ஹொசேயில் வாழ்கின்றனர். வாக்குப் பலம் அந்தத் திரட்சியிலே பிறந்தது. தனியொருவரின் வியர்வையில் மட்டும் பிறந்ததன்று.

இன்னும் கேளுங்கள். சான் ஹொசேயின் சபை உறுப்பினர்கள் முன்னர் முழு நகரத்தினராலும் பொதுவாகத் தெரிவுசெய்யப்பட்டனர். செல்வமும் செல்வாக்கும் உடையோர்க்கே அம்முறை வாய்ப்பளித்தது. 1978 இல் நகர மக்கள் வாக்களித்து அதனை மாற்றினர். 1980 முதல் வட்டாரத் தேர்தல் நடைமுறைக்கு வந்தது. வியட்நாமிய மொழியில் வாக்குச்சீட்டு கிடைப்பதற்கு வழிவகுத்த சட்டப்பிரிவு 1975 இல் நிறைவேறியது. அதுவும் வானத்திலிருந்து விழவில்லை. கறுப்பின மக்கள் அடியுண்டும் சிறைப்பட்டும் உயிர்கொடுத்தும் பெற்ற 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தின்மீது எழுப்பப்பட்டது. அகதியின் மகள் மேடையேறும் படிகளை யார் யாரோ கட்டிவைத்தனர். “உழைத்தால் உயரலாம்” என்ற வாசகம் அவர்கள் அனைவரையும் மறைத்துவிடுகின்றது. அம்மட்டோ? உழைத்தும் உயராதவர்களை அது குற்றவாளிகளாக்கிவிடுகின்றது. மின்னணுத் தொழிலின் பெருஞ்செல்வம் குவிந்த அந்தப் பள்ளத்தாக்கிலே, சுற்றுப்பலகைகளிற் சிறு துண்டுகளைப் பொருத்திப் பற்றவைத்த கைகளிற் பெருந்தொகையானவை வியட்நாமியப் பெண்களின் கைகள். கலிபோர்னியாவின் நகப்பூச்சு நிலையங்களிற் பணிபுரிவோரிலும் பெரும்பாலோர் அவர்களே. தொலுயீன், ஃபோமல்டிஹைட் முதலான நச்சுப் பொருள்களின் ஆவியை நாள் முழுதும் அவர்கள் சுவாசிக்கின்றனர். இவர்கள் உழைக்கவில்லையா?

இனிப் பழித்தவரிடம் வருவோம். இவர் எம்மவர், ஆகவே இவரோடு வழக்கும் கடுமையானது.

வியட்நாமிய மக்கள் அந்நியப் படைகளை விரட்டிய வரலாற்றிலே பெருமிதம் கொள்ளாத முற்போக்காளன் எவன்? முப்பதுகளில் இருக்கும் எமக்கு அது நூலறிவு மாத்திரமே. எனினும் அந்நூல்களால் வளர்ந்தவர்களே நாம். ஆனால், அந்நூல்கள் சொல்லாது விட்ட பக்கம் ஒன்றுண்டு. போருக்குப் பின் மிகப் பலர் விசாரணை எதுவுமின்றி ‘மறுகல்வி’ முகாம்களில் அடைக்கப்பட்டனர். சிலர் பத்தாண்டுக்கு மேலும் அங்கே கிடந்தனர். 1978 இல் தெற்கிலே தனியார் வாணிகம் ஒழிக்கப்பட்டபோது, சொலொன் பகுதியின் சீன வமிசத்துச் சிறுகடைக்காரர் தம் பிழைப்பை இழந்தனர். படகேறியோரில் பழைய ஆட்சியின் அதிகாரிகளும் இருந்தனர். அவர்களோடு மீனவரும் அங்காடி வியாபாரிகளும் கைக்குழந்தைகளும் இருந்தனர். கடலில் மாண்டோர் தொகையை எண்ணி முடித்தவர் இல்லை. அவர்களையெல்லாம் ‘கைக்கூலி’ என்ற ஒரு சொல்லிற் கட்டி மூழ்கடித்துவிட்டு, நாம் எந்த மனிதாபிமானத்தைப் பற்றிப் பேசப்போகின்றோம்? நான்கு வயதுக் குழந்தை எவருடைய கைக்கூலி?

நான்கு வயது என்பதை நாம் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. மடிசன் நுயென் 1975 இல் நியா திராங் நகரிற் பிறந்தவர். 1979 இல் அவர் குடும்பம் படகேறியது. பிலிப்பைன்ஸ் முகாமில் இருந்து அமெரிக்கா சென்ற பெற்றோர் கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கு வயல்களிற் கூலிவேலை செய்தனர். மகள் பல்கலைக்கழகம் போனார். 2003 ஜூலையில் சான் ஹொசேயிலே, இரண்டு பிள்ளைகளின் தாயான இருபத்தைந்து வயது வியட்நாமியப் பெண்ணொருத்தியை, அவள் வீட்டுச் சமையலறையிலேயே பொலிஸ்காரர் ஒருவர் சுட்டுக்கொன்றார். அவள் கையில் இருந்தது காய்கறி சீவும் வியட்நாமியக் கருவி. பொலிஸார் கண்ணுக்கு அது வெட்டுக்கத்தி. பெருஞ்சூரர் சபை அப்பொலிஸ்காரர்மீது குற்றஞ்சாட்ட மறுத்தது. அந்நாளிலே வீதியில் மக்களைத் திரட்டியோருள் மடிசன் நுயெனும் ஒருவர். ஒரு சமையலறைக் கருவியின் பெயரை அறியாத அதிகாரத்திடம், அதனை அறிந்த ஒருவர் சபையில் இருக்கவேண்டும் என்று மக்கள் உணர்ந்ததில் வியப்பென்ன? 2005 இல் ஏழாம் வட்டாரத்தின் இறுதிச் சுற்றில் மோதிய இருவருமே நுயென் என்னும் குடும்பப் பெயர் கொண்ட பெண்கள், உறவினர் அல்லர். மடிசன் வென்றார்.

அதன்பின் நடந்ததே எமது வாதத்துக்கு உயிர்நாடி. 2007 இல் ஸ்டோரி வீதியின் வியட்நாமியக் கடைத்தெருவுக்குப் பெயரிடும் பேச்சு எழுந்தது. ‘சின்ன சைகோன்’ என்ற பெயரே வேண்டும் என்றனர் பலர். அது அகதி வாழ்வின் பெயர், இழந்த நாட்டின் பெயர். வேறு கடைக்காரர் சிலர் அதனை விரும்பவில்லை. மடிசன் நுயென் இடைவழியாக ‘சைகோன் வணிக வட்டாரம்’ என்று முன்மொழிய, சபை அதனை ஏற்றது. கொதித்தது ஊர். தமிழ் படித்த நாம், ஒரு பெயருக்காகவா இத்தனை என்று கேட்கமாட்டோம். பெயரிலே எத்துணை வாழ்வு தங்கும் என்பதை அறிவோம். பலர் விரும்பிய பெயரை ஒதுக்கியது பிழை என்ற முறைப்பாட்டிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், அந்நியாயம் சிறிது நேரத்தில் வேறொன்றாக மாறியது. ‘சின்ன சைகோன்’ என்று சொல்லாதவள் கம்யூனிஸ்டுகளுக்குத் துணைபோகின்றவள் என்ற குரல் எழுந்தது. ஒருவர் நகர மண்டபத்தின் முன் 28 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். 2008 மார்ச்சில் சபை தான் இட்ட பெயரைக் கைவிட்டது. கோபம் அதனாலும் தணியவில்லை. பதவிக்காலம் முடியுமுன்னரே உறுப்பினரை வீட்டுக்கு அனுப்ப வாக்காளருக்கு அங்கே உரிமையுண்டு. அவ்வாக்கெடுப்பு 2009 மார்ச் 3 ஆம் நாள் நடைபெற்றது. ஏறத்தாழ நூற்றுக்கு 55 பேர் அவரை நீக்க மறுத்தனர்.

அவர் தப்பினார் என்று மகிழ்வதற்கு இதனைச் சொல்லவில்லை. காலத்தைக் கவனியுங்கள். 2008: அமெரிக்காவின் வங்கிகள் சரிந்து, கடன்பட்டு வீடு வாங்கிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கிலே வீதிக்கு வந்த ஆண்டு. கூரை பறிபோய்க்கொண்டிருந்த வேளையில், கூலிக்காரரின் மகளான உறுப்பினரும் கூலிக்காரரான வாக்காளரும் ஒரு பெயர்ப்பலகையின் கீழ் நின்று ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டனர். அவ்வேளையில் வீட்டுரிமையாளரும் கடன் கொடுத்தோரும் நிம்மதியாக உறங்கினர்.

இஃது அந்நகரத்துக்கு மட்டும் வந்த நோயன்று. டோனி லாம் 1992 இல் ஒறேஞ்ச் மாவட்டத்து வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபைக்குத் தெரிவானவர். அமெரிக்காவிலே தேர்தலில் வென்று பதவியேற்ற முதல் வியட்நாமியர். அவர் கம்யூனிச எதிர்ப்பாளர். 1975 இல் ஓடிவந்தவர். 1999 இல் ஒளிநாடாக் கடைக்காரர் ஒருவர் ஹோ சி மின்னின் படத்தையும் வியட்நாம் அரசின் கொடியையும் தம் கடையில் மாட்டவே, ஆயிரமாயிரம் பேர் 53 நாட்கள் அங்கே ஆர்ப்பரித்தனர். நகரசபைச் சட்டத்தரணியின் ஆலோசனைப்படி லாம் அக்கூட்டத்துக்குப் போகாது ஒதுங்கினார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அவருடைய உணவுச்சாலையின் முன் மறியல் தொடங்கியது. 2002 இல் அவர் மீண்டும் போட்டியிடவில்லை. கொடியின் பசிக்கு முடிவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மஞ்சள் நிறத்தில் மூன்று சிவப்புக் கோடுகள் கொண்ட அப்பழைய கொடியை நாம் எள்ளவில்லை. மகனை முகாமிலும் மகளைக் கடலிலும் பறிகொடுத்த கிழவி அதனைப் பிடித்துக்கொண்டு அழுவாளாயின், அக்கண்ணீரோடு எமக்கு வழக்கில்லை. அக்கண்ணீரை வாக்காக மாற்றும் வியாபாரத்தோடுதான் வழக்கு. அங்கே கொடிக்காரர், “1975 இல் உன் தந்தை எப்பக்கம் நின்றான்? நீயும் அப்பக்கமா?” என்று வேட்பாளரைக் கேட்கின்றனர். எமது ஓய்வறையில் இருந்துகொண்டு எமது முதுபெரும் நண்பரும் அதே கேள்வியைத்தானே கேட்கின்றார்! வேண்டிய விடை மட்டுந்தான் வேறு. பிறப்பைக் கேட்டு மனிதனை மதிப்பிடும் வழக்கத்தை எதிர்த்து எழுந்த இயக்கம் எமது இயக்கம். தகப்பனின் கட்சியைக் கேட்டு மகளை மதிப்பிடுவது அவ்வழக்கத்தின் மறுபிறவி அன்றோ?

நகரசபை என்பது என்ன? சான் ஹொசேயில் 1979 முதல் வாடகைக் கட்டுப்பாட்டு விதி ஒன்றுண்டு. அதற்குட்பட்ட பழைய தொடர்மாடி வீடுகளின் வாடகையை ஆண்டுக்கு நூற்றுக்கு 8 வரை உயர்த்த வீட்டுரிமையாளருக்கு இடமிருந்தது. குடியிருப்போர் ஓயாது போராடியதன்பின், 2016 இல் சபை அதனை 5 ஆகக் குறைத்தது. எட்டு, ஐந்து. நகப்பூச்சு நிலையத்திலிருந்து களைத்து வரும் தாய்க்கு, சபையின் பொருள் அந்த மூன்றிலேதான் இருக்கின்றது. பொலிஸாருக்கு எவ்வளவு பணம், வாசிகசாலைக்கு எவ்வளவு, எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற முடிவுகளும் அவ்வாறே அம்மேசையைச் சுற்றி எடுக்கப்படுபவை. அகதியின் பிள்ளை அங்கே அமர்ந்து வீட்டுரிமையாளர் பக்கம் கையுயர்த்தினால், அவள் படகில் வந்த கதையைச் சொல்லி நாம் அவளைப் போற்றமாட்டோம். குடியிருப்போர் பக்கம் உயர்த்தினாலோ, அவள் தந்தை எந்தப் படையிலே துப்பாக்கி ஏந்தினான் என்று துருவவும் மாட்டோம்.

அறிவித்தற் பலகையிலுள்ள படத்தை அகற்றுமாறு நாம் கேட்கவில்லை. கீழேயுள்ள வாசகத்தை எடுத்துவிட்டு, அப்பெண் வாடகையைப் பற்றியும் பொலிஸைப் பற்றியும் என்ன சொல்லியிருக்கிறாள் என்று தேடி எழுதுமாறே முதல் நண்பரைக் கேட்டோம். பார்ப்போம் என்றார். முதியவரும் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. தவணை முடிந்துவிட்டது, பழைய வாசகம் இன்னும் அங்கேதான் இருக்கின்றது.