மெஷின் ஸ்லோவா, நம்ம புரோகிராம் ஸ்லோவா?



லேப்புக்குப் புதுக் கம்ப்யூட்டர் கேட்டு நம் சங்கம் இந்த வருடமும் மனு கொடுத்தது. நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு மெஷின் முன்னாடி மூணு பேர் உட்கார்ந்து, ஒருத்தன் டைப் அடிக்க ரெண்டு பேர் வேடிக்கை பார்க்கிற நிலைமையில் கேட்காமல் இருக்க முடியுமா? ஆனால் மனுவில் இருந்த ஒரு வரியை மட்டும் என்னால் ஏத்துக்க முடியலை. “கம்ப்யூட்டர்கள் மெதுவாக இயங்குவதால் புராஜெக்ட் பாதிக்கப்படுகிறது” என்று எழுதியிருந்தோம். மெதுவாக இருப்பது கம்ப்யூட்டர்தான் என்று யார் அளந்து பாத்தாங்க?

எங்க பிரிவு சீனியர் அண்ணன்கள் செய்த ஒரு புராஜெக்ட்டைச் சொல்கிறேன். 240 மாணவர்கள், ஆளுக்கு 7 பாடம். மார்க்கைக் கூட்டி, ரேங்க் போட்டு, பட்டியல் தரணும். அவ்வளவுதான் வேலை. ஓடி முடிக்க 42 செகண்ட் ஆச்சு. “பப்பிள் சார்ட் போட்டதுதான் தப்பு”ன்னு ஒருத்தர், “ராம் பத்தாது”ன்னு இன்னொருத்தர். இரண்டு வாரம் உட்கார்ந்து குயிக் சார்ட் எழுதினாங்க. மறுபடி ஓட்டினா... அதே 42 செகண்ட்!

கடைசியில் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வந்து, புரோகிராம் பெயருக்கு முன்னால் ‘டைம்’ என்று ஒரு வார்த்தை சேர்த்து ஓட்டச் சொன்னார். லினக்ஸில் அது எப்பவும் இருக்கிற கமாண்ட். ‘ரியல்’ 42 செகண்ட் என்று வந்தது. ‘யூசர்’, ‘சிஸ்’ இரண்டும் சேர்ந்தே 4 செகண்ட்தான். அதாவது பிராசஸர் உழைத்தது 4 செகண்ட். மிச்ச 38 செகண்ட் அது சும்மா காத்துக்கிட்டு இருந்திருக்கு! பஸ்ஸில் வருகிற நமக்கு இது புரியாதா என்ன? பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் நின்னுட்டு, டிரைவர் வேகமா ஓட்டலைன்னு திட்டினா எப்படி?

பிறகு பைத்தானோடு கூடவே வரும் ‘சி-புரோஃபைல்’ போட்டுப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. மார்க் படிக்கும் ஃபங்ஷன் ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு தடவை, சர்வரில் இருக்கும் ஃபைலைத் திறந்து, முதலிலிருந்து படித்து, மூடியிருக்கிறது. 240 பேர், 7 பாடம், மொத்தம் 1,680 தடவை! சார்ட்டிங்குக்கு ஆனது செகண்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஃபைலை ஒரே தடவை படித்து வைத்துக்கொள்கிற மாதிரி மூணு வரி மாத்தினாங்க. ஒரு செகண்டுக்குள் முடிஞ்சுது. புது பிராசஸர் வாங்கிப் போட்டிருந்தால் அந்த 4 செகண்ட் 2 ஆகியிருக்கும். அந்த 38-ஐ அது தொட்டிருக்குமா?

இது மாணவர்கள் கதை மட்டுமில்லை. ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் குனுத், 1971-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபோர்ட்ரான் புரோகிராம்கள் பலவற்றை அளந்து பார்த்தார். பொதுவாகப் புரோகிராமின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதி, ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்வதைக் கண்டார். அந்த 4 சதவீதம் எதுன்னு தெரியாமல் மீதி 96-ஐச் செதுக்கி என்ன பயன்?

ஹாஸ்டல் நண்பர்களுக்கு ஜிடிஏ ஆன்லைன் தெரியாமல் இருக்காது. 2013-ல் வந்த அந்த விளையாட்டு திறப்பதற்கே பல நிமிடம் ஆகும். எல்லாரும் தங்கள் கம்ப்யூட்டரையும் நெட்டையும் திட்டிக்கொண்டிருந்தார்கள். 2021-ல் வெளியாள் ஒருவர், சோர்ஸ் கோடுகூடக் கையில் இல்லாமல், புரோஃபைலர் வைத்து அளந்தார். 10 எம்பி ஃபைல் ஒன்றைப் படிக்கும்போது, ஒவ்வொரு துண்டு படிப்பதற்கும் மீதி முழுவதன் நீளத்தையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தது அது. இன்னொரு இடத்தில், சுமார் 63,000 பொருள்களின் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் முதலிலிருந்து தேடியது. இரண்டையும் சரி செய்ததில் அவருடைய மெஷினில் காத்திருக்கும் நேரம் 70 சதவீதம் குறைந்தது. கம்பெனியும் ஒத்துக்கொண்டு, திருத்தி வெளியிட்டு, அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது.

“இதெல்லாம் கம்ப்யூட்டர் பிரிவு சமாச்சாரம்”னு மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிடாதீங்க! இந்த வித்தை முதலில் உங்களுடையது. 1930-களில் இங்கிலாந்துப் பருத்தி மில்களில் டிப்பெட் என்ற புள்ளியியல் அறிஞருக்கு, தறிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று தெரியவேண்டியிருந்தது. தறிக்கு ஒரு ஆள், ஒரு ஸ்டாப்வாட்ச் என்று வைத்தால் கட்டுப்படியாகுமா? அவ்வப்போது ஒரு சுற்று வந்து, அந்தக் கணத்தில் எத்தனை ஓடுது, எத்தனை நிக்குது என்று மட்டும் குறித்தார். போதுமான தடவை குறித்தால் உண்மை விகிதம் தானாக வந்துவிடும். நீங்கள் படிக்கும் ‘ஒர்க் சாம்ப்ளிங்’ இதுதான். 1982-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ‘ஜி-பிராஃப்’பும் இதையே செய்கிறது. செகண்டுக்குப் பல தடவை எட்டிப் பார்த்து, “இப்ப எந்த ஃபங்ஷன்ல இருக்கே?” என்று குறித்துக்கொள்ளும். (ஸ்டாப்வாட்ச் வைத்துத் தொழிலாளியை அளக்கப் போய், 1911-ல் அமெரிக்காவில் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தமே நடந்தது. புரோகிராமை அளந்தால் யாரும் கொடி பிடிக்க மாட்டார்கள்!)

சி-யில் எழுதுகிறவர்கள் ஜிசிசி-க்கு ‘மைனஸ் பி ஜி’ கொடுத்து கம்பைல் செய்து, ஒரு தடவை ஓட்டிவிட்டு ஜி-பிராஃப் அடித்தால் போதும். ஆனால் அது பிராசஸர் உழைத்த நேரத்தைத்தான் காட்டும், ஃபைலுக்காகக் காத்திருந்த நேரம் அதில் வராது. அதனால் முதலில் ‘டைம்’ போட்டுப் பாருங்க. இன்னொன்று, ஒரு ஃபங்ஷன் தானே எடுத்த நேரம் வேறு, அது கூப்பிட்டவற்றையும் சேர்த்த நேரம் வேறு. ‘மெயின்’ 100 சதவீதம்னு காட்டுதேன்னு அதைத் திட்டாதீங்க. பத்து பேர் மார்க்கை வைத்து அளப்பதிலும் அர்த்தமில்லை, முழு டேட்டாவோடு ஓட்டணும்.

வீட்டில் லேப்டாப் இருக்கிறவனுக்கு 42 செகண்ட் பெரிசில்லை. லேப்பில் டோக்கன் வாங்கி உட்கார்கிறவனுக்கு, ஒவ்வொரு முறை திருத்தி ஓட்டும்போதும் போகிற அந்த நேரம் அவனுடைய ஒரு மணி நேர டோக்கனிலிருந்துதான் போகிறது. பஸ் பிடிக்கணும்னு ஐந்து மணிக்கு எழுந்து போகிறவனும் அவன்தான். “இதுக்கெல்லாம் எக்ஸ்டர்னல் மார்க் தருவாரா?” என்று கேட்கலாம். இன்றைக்குத் தருவதில்லை. அவுட்புட் வந்ததா, பைண்டிங் நல்லா இருக்கா, அவ்வளவுதான் பார்க்கிறார்கள்.

அதனால் அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் அவுட்புட்டுக்கு அடுத்து, நேரம் எங்கே போனது என்று ஒரு பக்கம் சேர்க்கத் துறைத்தலைவர்களைக் கேட்பது ஒன்று. புதுக் கம்ப்யூட்டர் மனுவோடு, பத்து புராஜெக்ட்டுகளை அளந்த தாளை இணைப்பது இன்னொன்று. அளந்த பிறகும் மெஷின்தான் காரணம் என்று தெரிந்தால், அந்தத் தாளோடு பிரின்சிபால் அறைக்கு முதல் ஆளாக நான் வருகிறேன். உங்க புராஜெக்ட்டை அளக்கக் கொடுக்க விரும்புகிறவர்கள் வகுப்புப் பிரதிநிதியிடம் பெயர் கொடுங்க. சனிக்கிழமை மதியம் லேப் காலியாத்தான் இருக்கு.

— மூன்றாம் ஆண்டு மாணவன், கம்ப்யூட்டர் பிரிவு