குந்தாவில் அன்று 10 ஆண்டில் 5 மின் நிலையம்! பிறகு ஒரே திட்டத்துக்கு 11 ஆண்டு காத்திருப்பு!

மாலை 6 மணி ஆகிவிட்டால் போதும். கடைகளில் விளக்கு எரியும். வீடுகளில் மிக்சி ஓடும், டி.வி. ஓடும். கரண்ட் தேவை கிடுகிடுவென ஏறும் நேரம் அது.

அந்த நேரத்தில் கைகொடுக்கும் இடங்களில் ஒன்று, நீலகிரி மலையில் மஞ்சூர் பக்கம் உள்ள குந்தா. மதகைத் திறந்தால் சில நிமிடங்களில் மின்சாரம். அனல் மின் நிலையத்தால் இது முடியாது.

ஒரே தண்ணீர், பல வேலை

அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் குந்தா பாலத்துக்கு இறங்கி மின்சாரம் தருகிறது. அதே தண்ணீர் கெத்தையில் மறுபடி வேலை செய்கிறது. பிறகு பரளி. அப்புறம் பில்லூர். பில்லூர் அணையில் இருந்துதான் கோவைக்குக் குடிநீரும் போகிறது.

இன்று 6 நிலையங்கள். மொத்தத் திறன் 585 மெகாவாட்.

பணம் எப்படி வந்தது?

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில், காமராஜர் முதல்வராக இருந்தபோது வேலை தொடங்கியது. நாட்டில் அன்னியச் செலாவணி தட்டுப்பாடாக இருந்த காலம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியது. அங்கிருந்து இயந்திரங்கள் வந்தன. எஞ்சினீயர்களும் வந்தார்கள். உள்ளூர்ச் செலவை அரசு ஏற்றது.

எதற்கு யார் பணம் தருவது என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டார்கள். பலன்? 1960-ல் இரண்டு நிலையங்கள் ஓடின. 1966-க்குள் மேலும் மூன்று!

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வனப் பாதுகாப்புச் சட்டம் 1980-ல்தான் வந்தது. அதற்கு முன் சோலையும் புல்வெளியும் தண்ணீரில் மூழ்கியபோது கேட்பார் இல்லை. ஆகவே அந்த வேகம் அப்படியே திரும்ப வேண்டும் என்று சொல்ல முடியாது.

புதுத் திட்டம் என்ன ஆனது?

அடுத்து வந்தது குந்தா நீரேற்று மின் திட்டம். 125 மெகாவாட் வீதம் 4 இயந்திரங்கள், மொத்தம் 500 மெகாவாட்.

விஷயம் எளிது. காற்றாலை, சூரிய மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அவலாஞ்சி-எமரால்டு தண்ணீரை மேலே போர்த்திமந்து அணைக்கு ஏற்றுவது. தேவை ஏறும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. 100 யூனிட் செலவழித்தால் 75 முதல் 80 யூனிட் வரை திரும்பும். வீணாகப் போக இருந்த மின்சாரம் என்பதால் இது நஷ்டம் அல்ல. கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980-களிலேயே இப்படி 400 மெகாவாட் நிலையம் வந்துவிட்டது.

குந்தாவுக்கு 2007-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. பெரிய கட்டுமான ஒப்பந்தங்கள் 2018-ல்தான் கொடுக்கப்பட்டன. நடுவே 11 ஆண்டுகள்! அதற்குள் சிமெண்ட் விலை ஏறியது, இரும்பு விலை ஏறியது, கூலியும் ஏறியது.

பில் யார் தலையில்?

வீடு கட்டக் கடன் வாங்கியவருக்கு இது புரியும். கூரை போடத் தாமதமானால் வட்டி நிற்பதில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் கொடுத்தாக வேண்டும்.

மின்வாரியத்தின் கதையும் அதேதான். கட்டி முடியும் வரை ஏறும் வட்டி, திட்டச் செலவில் சேரும். மாலை நேரத் தேவைக்கு வெளியே விலை கொடுத்து மின்சாரம் வாங்குவது, வாடகை மாதிரி. இரண்டும் கடைசியில் கட்டண நிர்ணயக் கணக்கில் வந்து நிற்கும். அங்கிருந்து கடைக்காரரின் பில்லுக்கும் வீட்டு பில்லுக்கும் வரும்.

பழைய அணைகளின் நிலையும் கவனிக்க வேண்டியது. மலைச் சரிவு மண் மழையில் கரைந்து வந்து குந்தா, பில்லூர் அணைகளில் சேறாகப் படிகிறது. சேறு ஏறினால் தண்ணீர் குறையும். கரண்டும் குறையும், குடிநீரும் குறையும். தூர் வாருவதைத் தள்ளிப் போட்டால் அதற்கும் வட்டி உண்டு!

அனுமதிக்கு எத்தனை மாதம், பணம் எங்கிருந்து, பராமரிப்புக்கு வருஷம் எவ்வளவு? திட்டத்தை அறிவிக்கும் நாளிலேயே இந்த மூன்றுக்கும் பதில் வர வேண்டும். தாமதத்துக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் மக்கள். கணக்கு கேட்கும் உரிமையும் அவர்களுக்கே!