மொட்டை மாடி பார்பெக்யூ பிளானா? பெங்களூரு கோடையின் டேட்டா என்ன சொல்கிறது?

பெங்களூரு கோடையைப் புரிந்துகொள்ள இரண்டு எண்கள் போதும். 2024 ஏப்ரலில் நகரில் பதிவான மழை: 0 மி.மீ. 2025 மே மாதத்தில் பதிவான மழை: 307.9 மி.மீ. இரண்டுக்கும் நடுவே 13 மாதம்தான்.

முதல் எண் 1983-க்குப் பிறகு வந்த மழையில்லா ஏப்ரல். இரண்டாவது, நகரின் வரலாற்றிலேயே அதிக மழை பெய்த மே. 'பெங்களூருன்னா எப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கும்' என்று ஊரில் இருப்பவர்கள் இன்னமும் நம்பலாம். ஆனால் ஈஜிபுராவில் வீடு எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த நம்பிக்கை உதவாது. தோட்டத்தில் பார்பெக்யூ என்பது இங்கே சினிமாவில்தான். 20-க்கு 30 அடி மனையில் மூன்று மாடி கட்டிய தெருக்களில் நமக்கு இருக்கும் ஒரே தோட்டம், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக் கொடிக்கும் நடுவே உள்ள இடம். அந்த இடத்தை எந்த மாதம், எந்த நேரத்தில் பயன்படுத்தலாம்?

முதலில், 'நார்மல்' என்றால் என்ன?

வானிலை ஆய்வு மையம் 30 ஆண்டு சராசரியை 'இயல்பு' என்று எடுத்துக்கொள்கிறது. 1991-2020 கணக்கின்படி பெங்களூரு நகரின் மழை:

- மார்ச்: 14.7 மி.மீ.
- ஏப்ரல்: 61.7 மி.மீ.
- மே: 128.7 மி.மீ.

அதாவது மாதத்துக்கு மாதம் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று ஏறுகிறது. பகல் வெப்பம் அப்படி இல்லை. ஏப்ரலில் 34 டிகிரியை ஒட்டி உச்சம் தொட்டு, மே மாதத்தில் லேசாக இறங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பது ஒரு காரணம், மே மாத மழை இன்னொரு காரணம். சென்னையில் மே என்றால் கத்திரி வெயில். இங்கே மே என்றால் குடை.

ஆனால் சராசரி ஒரு விஷயத்தை மறைக்கிறது. மே மாத மழை 2022-ல் சுமார் 270, 2023-ல் 305.4, 2025-ல் 307.9 மி.மீ. மூன்றுமே இயல்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சமீபத்திய மே மாதங்களை மட்டும் பார்த்தவருக்கு 128.7 என்பது யாரோ வேறு ஊரின் எண் போலத் தோன்றும்.

வெப்பத்திலும் இதே கதைதான். 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி. நகரின் சாதனை அதுதான். 2024 ஏப்ரல் 28 அன்று 38.5. சமவெளிப் பகுதிகளில் 'வெப்ப அலை' என்று அறிவிக்க அடிப்படைத் தேவை 40 டிகிரி. நம் சாதனையே அதற்குக் கீழே என்பதால், அந்தச் சொல் செய்தியில் வரவில்லை என்பதை வைத்து வெயிலைக் குறைத்து எடைபோட வேண்டாம்.

ஏன் வருடத்துக்கு வருடம் இவ்வளவு வித்தியாசம்?

1983, 2016, 2024. மழையில்லா ஏப்ரல், சாதனை வெப்பம், மறுபடி மழையில்லா ஏப்ரல். இந்த மூன்று வருடங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றிலுமே முந்தைய குளிர்காலத்தில் பசிபிக் பெருங்கடலில் எல் நினோ வலுவாக இருந்தது. எல் நினோவுக்கு அடுத்த கோடையில் இந்தியாவின் பல பகுதிகளில் வெப்பம் கூடுவது வழக்கம்.

மூன்று புள்ளிகளை வைத்துக் கோடு போடுவது ஆபத்து என்பது உண்மைதான். எல்லா எல் நினோவும் பெங்களூருவைக் காயவைப்பதில்லை. ஆனாலும் பிப்ரவரியில் 'இந்தக் கோடை எப்படி?' என்று யாராவது கேட்டால், பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். இரண்டாவது, வானிலை ஆய்வு மையம் மார்ச் - மே மாதங்களுக்காகப் பிப்ரவரி கடைசியை ஒட்டி வெளியிடும் கோடைக்கால முன்னறிவிப்பு. அது தரும் தகவல் 'இயல்பைவிட அதிகமா, குறைவா' என்ற வாய்ப்பு மட்டும்தான். ஏப்ரல் மூன்றாவது சனிக்கிழமை மழை வருமா என்று அதில் தேடக்கூடாது.

மழை ஏன் சரியாகச் சாயங்காலம் பார்த்து வருகிறது?

'நாம பிளான் போட்டாலே மழை வந்துடுது' என்பது வெறும் புலம்பல் அல்ல, அதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. கோடையில் மகாராஷ்டிராவின் உள்பகுதியிலிருந்து கர்நாடகா வழியாகத் தமிழ்நாடு வரை ஒரு காற்றழுத்தத் தாழ்வுக்கோடு அடிக்கடி அமையும். அதன் இரு பக்கமும் வெவ்வேறு திசையில் காற்று வீசும். வங்கக்கடல், அரபிக்கடல் இரண்டிலிருந்தும் ஈரம் உள்ளே வரும். பகலெல்லாம் தரை சூடாகி, மதியம் 2-3 மணிக்கு உச்சம் தொட்டதும், அந்தச் சூடான ஈரக் காற்று வேகமாக மேலே எழுந்து இடிமேகமாகிறது. அது முற்றிக் கொட்டும் நேரம் பெரும்பாலும் மாலை 4 மணியிலிருந்து இரவு 10 மணிக்குள்.

நம் பார்பெக்யூ நேரமும் அதேதான். மோதல் அங்கேதான் வருகிறது.

அப்படியானால் எப்போது வைக்கலாம்?

மார்ச்: மாலை 6 மணிக்கு மேல் தாராளமாக வைக்கலாம். மழை வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் கக்கும். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாம் என்று தோன்றும். 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் கார் கழுவவும் செடிக்கு ஊற்றவும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று சொன்னதை நினைவில் வையுங்கள். பாய் விரித்தால் போதும்.

ஏப்ரல்: பாதிக்குப் பாதி. முதல் பாதி பரவாயில்லை. இரண்டாவது பாதியில் மாலை பிளான் என்றால், மழை வந்தால் எங்கே போவது என்ற மாற்று ஏற்பாடு கட்டாயம்.

மே: மாலையை மறந்துவிடுங்கள். காலை 9 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்குள் முடிக்கலாம். முந்தைய நாள் மழையால் தரையும் காற்றும் குளிர்ந்திருக்கும், மேகம் கட்ட இன்னும் நேரம் இருக்கும். கேட்கக் கொஞ்சம் விநோதம்தான், ஆனால் டேட்டா அதைத்தான் சொல்கிறது.

தேதி குறிக்கும் முன் நாட்காட்டியையும் பாருங்கள். ராம நவமி, மகாவீர் ஜெயந்தி, புத்த பூர்ணிமா நாட்களில் நகரில் இறைச்சி விற்பனைக்கு மாநகராட்சி தடை விதிப்பது வழக்கம். இவை மூன்றும் பொதுவாக இந்த மாதங்களில்தான் வருகின்றன.

முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது?

போனில் காட்டும் '60% மழை' என்பது முழு நகருக்கான ஒரு மதிப்பீடு. இடிமழை அப்படிப் பெய்வதில்லை. கோரமங்கலாவில் கொட்டும்போது இந்திராநகர் காய்ந்து கிடக்கும். செய்தியில் வரும் 'பெங்களூரு நகரம்' என்ற அளவு பேலஸ் ரோட்டில் உள்ள ஆய்வகத்துடையது. ஈஜிபுராவுக்கு அதைவிடப் பக்கத்தில் இருப்பது எச்ஏஎல் விமான நிலைய அளவு. இரண்டும் ஒரே நாளில் வேறு வேறு எண் காட்டுவது சகஜம்.

- இரண்டு நாள் முன்பு: மாவட்ட எச்சரிக்கையின் நிறம். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். ஆரஞ்சு வந்தால் பிளானைத் தள்ளிப்போடுவது நல்லது.
- அன்று மதியம்: வானிலை ஆய்வு மையத்தின் 3 மணி நேர முன்னறிவிப்பு. நீண்டகாலக் கணிப்பைவிட இதுதான் உங்களுக்கு உபயோகம்.
- அடுப்பு மூட்டும்போது: 'தாமினி' செயலி. பக்கத்தில் எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும்.

எச்சரிக்கையில் 'கனமழை' என்று வந்தால் அதற்கு அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல். 2025 மே 19 காலை வரையிலான 24 மணி நேரத்தில் நகரில் 105.5 மி.மீ. பெய்தது. மே மாத இயல்பு மழையில் ஐந்தில் நான்கு பங்கு, ஒரே நாளில்.

குளிர்ந்த காற்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள்

புழுக்கமான மாலையில் திடீரென ஜில்லென்று காற்று அடிக்கும். 'அப்பாடா' என்று இருக்கும். அதுதான் அபாயமணி. சில கிலோமீட்டர் தள்ளி இடிமேகத்திலிருந்து மழையோடு கீழே இறங்கிய குளிர்காற்று, தரையில் மோதி நாலா பக்கமும் பரவி உங்களை எட்டியிருக்கிறது. மழைக்குச் சில நிமிடம் முன்பே வரும் இந்தக் காற்று, கரித் தணலைப் பக்கத்து மாடியின் துணிக் கொடிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் கொண்டுபோகும். அடுப்பின் மூடியைப் போட்டுக் காற்று வரும் ஓட்டைகளை அடைப்பதுதான் முதல் வேலை. மூடியில்லாத அடுப்பு என்றால் ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்தது மின்னல். நாட்டில் மின்னலால் இறப்பவர்கள் 2022-ல் மட்டும் 2,880-க்கும் மேல் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். மின்னலைப் பார்த்து இடிச் சத்தம் கேட்கும்வரை எண்ணுங்கள். 30 வினாடிக்குள் கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கீழே இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து மாடி ஏறினால் போதும்.

இந்த இடத்தில்தான் பலர் பெரிய தவறு செய்கிறார்கள். மழை வந்ததும் எரிகிற அடுப்பைத் தூக்கி வீட்டுக்குள்ளோ, மூடிய பால்கனியிலோ வைப்பது. கனலும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு தூக்கம் போலவே வரும் மரணம். சிக்கன் நனைந்தால் நனையட்டும், அடுப்பு வெளியேதான் இருக்க வேண்டும்.

சமையல் சிலிண்டரை மாடிக்கு ஏற்றுவதும் வேண்டாம். 2023 அக்டோபரில் பக்கத்திலேயே, தாவரெகெரே மெயின் ரோட்டில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி கஃபே தீப்பிடித்தபோது சிலிண்டர்கள் வெடித்த வீடியோவை நகரமே பார்த்தது.

மசாலா தடவியாச்சு, எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

4 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைக்காத இறைச்சி வெளியே இருக்கக்கூடிய நேரம் 2 மணி. வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது 1 மணி ஆகிவிடுகிறது. ஏப்ரல் மதியம் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் கறி வாங்கி, டிராஃபிக்கில் ஊர்ந்து ஈஜிபுரா வந்து சேர்ந்தால் அந்த ஒரு மணி நேரம் வழியிலேயே முடிந்திருக்கும். தெருமுனைக் கடையில் வாங்குங்கள், ஃபிரிட்ஜில் ஊறவையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோங்கள். சிக்கனின் உள்ளே 74 டிகிரி எட்ட வேண்டும். வெளியே கருகியிருப்பதை வைத்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

மாடியில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்

ஈஜிபுராவின் பல கட்டடங்களில் மொட்டை மாடியில் ஒரு ஷீட் போட்ட ரூம் இருக்கும். வாடகை குறைவு என்பதால் டெலிவரி வேலை பார்ப்பவரோ, வேலை தேடி வந்த பையன்களோ தங்கியிருப்பார்கள். 38 டிகிரி நாளில் அந்த ஷீட்டுக்குக் கீழே உள்ள சூடு, ஆய்வகத்தின் எந்த எண்ணிலும் வராது. நமக்கு வீக்கெண்ட் பிளானைக் கெடுக்கிற அதே வானிலை, அவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அவர் ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் மூச்சு விட முடியும் என்ற இரவில், அந்த ஜன்னலுக்கு நேராகக் கரிப்புகை போவது சரியில்லை.

எனவே ஓனரிடம் மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறாதீர்கள், மாடி ரூமிலும் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு தட்டும் கொடுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அடுப்பை வையுங்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை சட்டப்படியே தடை இருக்கிறது.

சுருக்கமாக

- மார்ச் மாலை, ஏப்ரல் முதல் பாதி மாலை, மே காலை.
- சீசன் கணிப்பைவிட அன்றைய 3 மணி நேரக் கணிப்பை நம்புங்கள்.
- ஜில் காற்று வந்தால் அடுப்பை மூடுங்கள், இடி கேட்டால் கீழே இறங்குங்கள்.
- எரியும் கரியை எந்தக் காரணத்துக்கும் உள்ளே கொண்டுவராதீர்கள்.
- சாம்பலை மறுநாள் முழுதாக ஆறிய பிறகே குப்பையில் போடுங்கள். மேலே வெள்ளையாகத் தெரிந்தாலும் உள்ளே பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும்.