நுரையைப் பிடித்தால் மீன் பிழைக்கும்: வீட்டிலேயே புரோட்டீன் ஸ்கிம்மர்

“வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, 200 லிட்டர் கண்ணாடித் தொட்டிகள் மூன்றில் கோமாளி மீன் ஜோடிகளை வளர்த்து வருகிறேன். கடல்நீர் மாற்றி ஒரு வாரம் ஆனதும் தண்ணீர் மஞ்சளடித்து, மேலே எண்ணெய்ப் படலம் போல் கட்டுகிறது. போன மாதம் ஒரு தாய்மீன் செத்துவிட்டது. புரோட்டீன் ஸ்கிம்மர் வைக்கச் சொல்கிறார்கள். கடையில் விலை கட்டுப்படியாகவில்லை. நாமே செய்ய முடியுமா?”

ராமநாதபுரம் மாவட்ட வாசகர் ஒருவரின் கேள்வி இது.

தாராளமாகச் செய்யலாம். பி.வி.சி குழாய் ஒட்டத் தெரிந்தவருக்கு அரை நாள் வேலை. ஆனால், அதற்கு முன் தொட்டியில் அம்மோனியா எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். சோதனைத் திரவம் வண்ணமீன் கடைகளிலேயே கிடைக்கும். ஸ்கிம்மர் அம்மோனியாவை எடுக்காது. அம்மோனியாவாக மாறப்போகிற புரதக் கழிவைத்தான், அழுகுவதற்கு முன்பே வெளியேற்றும். ஏற்கெனவே உண்டான அம்மோனியாவைத் தின்பது வடிகட்டியில் வாழும் பாக்டீரியா. அது புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டிருந்தால், எந்தக் கருவி வைத்தாலும் சாவு நிற்காது.

கோமாளி மீனில் ஒரு தாய் செத்தால் இழப்பு ஒரு மீனோடு முடிவதில்லை. கூட்டத்தில் பெரியதுதான் பெண். அது போனதும் மிச்சமிருக்கும் ஆணே பெண்ணாக மாறத் தொடங்கும். புதுத் துணை சேர்த்து மறுபடி முட்டை பார்க்கப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

ஸ்கிம்மர் வேலை செய்யும் விதம் வெல்லம் காய்ச்சியவர்களுக்குச் சட்டென்று புரியும். கருப்பஞ்சாறு கொதிக்கும்போது அழுக்கு நுரையோடு மேலே வரும், வழித்து எடுத்துவிடுவோம். இங்கே கொதிக்க வைப்பதற்குப் பதிலாகக் காற்றுக் குமிழி. தீவன மிச்சம், மீனின் கழிவு, உடம்பு வழுவழுப்பு ஆகியவற்றிலிருந்து கரையும் புரதமும் கொழுப்பும் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஏறி, நுரையாகிக் கிண்ணத்தில் விழும். குமிழி எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அழுக்கு ஒட்டும்.

ஒரு தொட்டிக்கு வேண்டியவை: நான்கு அங்குல பி.வி.சி குழாய் இரண்டரை அடி, அடியை அடைக்க எண்ட் கேப், மேலே நான்குக்கு இரண்டு ரெடியூசர், இரண்டு அங்குலக் குழாய் ஒரு துண்டு, அரை அங்குல, ஒரு அங்குல டேங்க் நிப்பிள் ஒவ்வொன்று, ஒரு அங்குலக் குழாய், எல்போ, டீ, பிளாஸ்டிக் பால் வால்வு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, சிறிய தண்ணீர் மோட்டார், ஏர் பம்ப். பித்தளை வால்வு, செம்புப் பொருள் எதுவும் கூடாது. உப்புநீரில் செம்பு கரைந்தால் இறால், கடல்சாமந்தி போன்றவை பிழைக்காது.

குழாயின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே ஒரு அங்குலத் துளை. அதுதான் தண்ணீர் வெளியேறும் வழி. அதிலிருந்து எல்போ போட்டு ஒரு அங்குலக் குழாயை வெளிப்பக்கமாக மேலே ஏற்றி, நடுவில் வால்வும் உச்சியில் டீயும் வைக்க வேண்டும். டீயின் பக்கவாட்டு வாய் தொட்டிக்குத் தண்ணீரைக் கொட்டும். மேல் வாயை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் சைபன் பிடித்து நீர்மட்டம் இறங்கிவிடும். மோட்டாரிலிருந்து வரும் தண்ணீர் நுழைய, ரெடியூசருக்கு ஐந்து அங்குலம் கீழே அரை அங்குலத் துளை. தண்ணீர் மேலிருந்து கீழே வரும், குமிழி கீழிருந்து மேலே போகும். இந்த எதிரோட்டத்தில்தான் குமிழிக்கு அழுக்கைப் பிடிக்க நேரம் கிடைக்கிறது.

ஏர் ஸ்டோன் வெளியேறும் துளைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குமிழி தொட்டிக்குப் போய்விடும். சாதாரணக் கல் பெரிய குமிழி விடும். மரத்தால் செய்த ஏர் ஸ்டோனே நல்லது. அது மாதம் ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள்தான், அதில் கஞ்சம் பார்ப்பதில் லாபமில்லை. சரியாக ஓடினால் குழாய்க்குள் தண்ணீர் பால் போல் தெரியும்.

இரண்டு அங்குலத் துண்டை ரெடியூசர் மேல் கழுத்தாக நிறுத்தி, டப்பாவின் அடியில் ஓட்டை போட்டுக் கசியாமல் பொருத்துங்கள். கழுத்து டப்பாவுக்குள் மூன்று அங்குலம் நீண்டிருக்கட்டும். மூடியில் காற்று போகச் சிறு துளை. ஒட்டியபின் ஒரு நாள் காயவிட்டு, நன்றாக அலசிய பிறகே தொட்டியோடு இணைக்க வேண்டும்.

மோட்டார் மணிக்கு 200 லிட்டர் தள்ளினால் போதும். பத்து லிட்டர் வாளி மூன்று நிமிடத்தில் நிறைந்தால் சரி. இரண்டடி உயர நீருள்ள நான்கு அங்குலக் குழாய் ஏறக்குறைய ஐந்து லிட்டர் பிடிக்கும். அப்படியென்றால் தண்ணீர் உள்ளே சுமார் ஒன்றரை நிமிடம் தங்குகிறது.

வால்வை மெல்லத் திருகி, நீர்மட்டம் ரெடியூசரின் அடியில் நிற்கும்படி வையுங்கள். முழுவதும் மூடவே கூடாது. இராத்திரியில் வெளிவழி அடைத்துக்கொண்டால் தொட்டித் தண்ணீர் முழுவதும் டப்பா வழியாகத் தரைக்கு வந்துவிடும். மோட்டாரைத் தொட்டியின் அடியில் போடாமல், நீர்மட்டத்திலிருந்து நான்கு அங்குலத்துக்குள் தொங்கவிட்டால், எவ்வளவு மோசமாகப் போனாலும் ஏறக்குறைய 40 லிட்டரோடு நின்றுவிடும், மீன் பிழைக்கும். மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் கெடலாம், அதை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ஏர் பம்ப் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கீழே வைத்தால், கரண்ட் போன நேரத்தில் உப்புநீர் டியூப் வழியே பம்புக்குள் இறங்கும்.

முதல் சில நாட்கள் நுரையே வராமலும் போகலாம், பொங்கியும் வழியலாம். பயப்பட வேண்டாம். பழகியபின் தேயிலை நிறத்தில் நாற்றமடிக்கும் நீர் சேர்ந்தால் சரியாக ஓடுகிறது என்று பொருள். வெளிறிய நீராக நிறைந்தால் மட்டத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். கழுத்தின் உட்புறப் பிசுக்கை வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் நுரை ஏறாது. தீவனம் போட்டதும் நுரை சற்று நேரம் அடங்குவது இயல்பு.

குஞ்சுத் தொட்டியில் மட்டும் இதை வைக்கக் கூடாது. குஞ்சுக்கு உணவாக விடும் ரோட்டிஃபரையும் பச்சைப் பாசியையும் சேர்த்து நுரை வாரிக்கொண்டு போய்விடும். மருந்து போடும் நாட்களிலும் ஸ்கிம்மரை நிறுத்திவிட்டு, வேறு ஏர் ஸ்டோனில் காற்று கொடுங்கள்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘லைவ் ராக்’ போடச் சொல்லியிருப்பார்கள். அது பவளப்பாறை. மன்னார் வளைகுடாவில் பவளத்தைத் தொடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாக்டீரியா குடியிருக்கக் கழுவிய சிப்பி ஓடும் ஓட்டுத்துண்டும் போதும். கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் அனுபவமுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் அருகிலேயே இருப்பதால், தாய்மீன் பராமரிப்பு பற்றி அங்கே நேரில் போய்க் கேட்கலாம்.

“இதையே விரால் தொட்டிக்கும் வைக்கலாமா?” என்கிறார் தஞ்சாவூர் வாசகர்.

வேண்டாம். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும்; உப்பு இருந்தால்தான் பொடியாகவே நிற்கும். விரால் தொட்டிக்கு அடியில் சேரும் கழிவை வடித்துவிட ஒரு வால்வு வைப்பதுதான் செலவுக்கேற்ற வேலை.