பொறுத்தலும் பொறுப்பும்

திருக்குறளிற் பொறையுடைமை அதிகாரத்தை ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு ஓதிவருகின்றோம். ஓதி ஓதிப் பழகிய பாடமாதலின், எந்த இடத்தில் எந்த ஐயம் எழும் என்பதும் நமக்குப் பெரும்பாலும் தெரியும். ஆயினும் அண்மையில், கிறிஸ்தவரின் தவக்காலத்தில், திருகோணமலை உள்துறைமுகக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பமொன்றைச் சேர்ந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, தீங்கு செய்தவன் யார் என்றே தெரியாவிட்டால் யாரைப் பொறுப்பது?" என்று வினவினான். அவன் பாட்டனார் 1990ஆம் ஆண்டில் வீட்டை விட்டு வெளியே சென்றவர்; மீளவில்லை. நாம் விடை கூறவில்லை. மணி அடித்தது; பிழைத்தோம் என்று புத்தகத்தை மூடினோம். ஆசிரியத் தொழிலில் மணி சிலவேளை பெருந்துணை!

ஆயின் மணியோடு வினா போய்விடவில்லை. அதை இன்று இப்பத்தியில் எடுத்துக்கொள்கின்றோம்.

சொல்லிலிருந்து தொடங்குவது தமிழாசிரியர் வழக்கம். இயேசு தம் சீடர்க்குக் கற்பித்த செபத்தை நம் நாட்டுக் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒரே தமிழிற் சொல்வதில்லை. சீர்திருத்தச் சபையார் பிழையைக் 'கடன்' என்பர். அதை விட்டுவிடுதலை 'மன்னித்தல்' என்பர். கத்தோலிக்கர் பிழையைப் 'பாவம்' என்றும், விடுதலைப் 'பொறுத்தல்' என்றும் வழங்குவர். இருசாரார்க்கும் மூலத்திற் சான்று உண்டு. மத்தேயு எழுதிய சுவிசேடத்திற் கடன் என்னும் சொல்லே நிற்கிறது. லூக்காவிற் பாவம் என்னும் சொல் வருகிறது. நமக்கோ 'பொறுத்தல்' என்னும் ஆட்சியே நெஞ்சைத் தொடுகிறது. பொறுத்தல் என்பதன் முதற்பொருள் சுமத்தல். பொறை என்றால் சுமை, பொறுமையும் அதுவே. பொறுப்பு என்னும் சொல்லும் அவ்வேரிற் கிளைத்ததே. ஆகவே தமிழன் ஒருவன் 'பொறுத்தேன்' என்னும்போது, 'ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்கிறானல்லன். நடந்ததன் பாரத்தைத் தான் ஏற்றுக்கொண்டதாகச் சொல்கிறான். 'பரவாயில்லை' என்பது வேறு. 'பொறுத்தேன்' என்பது வேறு. பாரம் இல்லாத இடத்திற் பொறுத்தலுக்கு வேலையில்லை.

கடன் என்னும் உருவகத்துக்கும் அதற்குரிய ஆழம் உண்டு. மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்து உவமையை எல்லோரும் அறிவர். எத்தனை முறை பொறுக்கவேண்டும் என்று பேதுரு கணக்குக் கேட்க, இயேசு கணக்கையே கலைத்துவிட்டு அவ்வுவமையைச் சொல்கிறார். அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் முழுவதும் தள்ளுபடி பெற்றான். வெளியே வந்தவுடன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன் ஊழியனின் கழுத்தைப் பிடித்தான். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒருநாட் சம்பளம். ஒரு தாலந்து 6,000 தெனாரியம். கணக்கிட்டுப் பார்த்தால் அவன் பெற்ற தள்ளுபடி, கொடுக்க மறுத்ததைப்போல 6 இலட்சம் மடங்கு! வகுப்பிற் கரும்பலகையில் இக்கணக்கைப் போட்டுக் காட்டினால் மாணாக்கர் சிரிக்கின்றனர். அச்சிரிப்பே உவமையின் நோக்கம் என்று எண்ணுகின்றோம். ஆனால் அந்த நூறு தெனாரியமும் சிறு தொகையன்று. நூறு நாட் கூலி. பிறர் நமக்குச் செய்த தீங்கு ஒன்றுமில்லை என்று உவமை சொல்லவில்லை. இதைப் பிரசங்கிமார் பலர் கவனிப்பதில்லை.

இனி மறதியைப் பற்றி ஒரு வார்த்தை. பிறர் செய்த மிகையைத் தாங்கிக்கொள்வது சிறப்பென்றும், அதை நினைவிலிருந்தே அகற்றிவிடுவது மேலும் சிறப்பென்றும் வள்ளுவர் கருதினார். தீங்கு செய்தார்க்கு நன்மை செய்து அவரை நாணச் செய்தபின், அந்தத் தீமையையும் தாம் செய்த நன்மையையும் சேர்த்தே விட்டுவிடவேண்டும் என்பதும் அவர் கருத்து. கிறிஸ்தவ நூல் இவ்விடத்திற் சற்றே வேறு வழி செல்கிறது. உயிர்த்தெழுந்த இயேசு தோமாவுக்குத் தம் கையின் தழும்பையும் விலாவின் காயத்தையும் காட்டினார் என்று யோவான் எழுதுகிறார். மரணத்தை வென்ற உடலிற் காயம் ஏன் எஞ்சவேண்டும்? அதே அதிகாரத்திலேதான் சீடர்க்குப் பாவம் பொறுக்கும் அதிகாரமும் அளிக்கப்படுகிறது. காயத்தை மறைத்துக்கொண்டு அதை அளிக்கவில்லை; காட்டிக்கொண்டே அளித்தார். குறளை ஓதுவிக்கும் நாம் இதை வள்ளுவரினும் மேலென்றோ கீழென்றோ சொல்ல வரவில்லை. பிள்ளையை இழந்த தாயிடம் போய் 'மற' என்று சொல்ல எமக்கு நா எழாது என்பதை மட்டும் சொல்கின்றோம். அவளிடம் 'காயத்தோடு பொறு' என்று சொல்வதற்கேனும் ஒரு முன்மாதிரி இருக்கிறது.

நம் அயலூராகிய மட்டக்களப்பில் இது ஏட்டு வினாவாக இருக்கவில்லை. 2019 ஏப்ரில் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் கொழும்பின் மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்த அதே காலையில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தின் முற்றத்திலும் ஒருவன் தன்னைத்தானே வெடிக்கச் செய்தான். நாடு முழுதும் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் மாண்டோர் ஏறத்தாழ 30 பேர். அவருட் பாதியளவினர் சிறுபிள்ளைகள். ஞாயிறு மறைப்பாடம் முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் அவர்கள். உள்ளே நுழைய முயன்றவனை வாயிலில் மறித்து நின்ற ஒருவரால் மண்டபத்தினுள் இருந்தோர் பலர் தப்பினர், மறித்தவர் தப்பவில்லை.

அச்சபையின் மூத்த போதகர் ரொஷான் மகேசன் அதன்பின் கூறியதை உலகம் கேட்டது. தமக்கு நோவும் உண்டு, கோபமும் உண்டு என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஆயினும் குண்டுதாரியையும் அவனை அனுப்பியவரையும் சபையின் பேரால் மன்னிப்பதாக அறிவித்தார். இதைக் கேட்டு நெகிழ்ந்தவர் பலர். 'இறந்த பிள்ளையின் தாய் சார்பில் மன்னிக்க இவர் யார்?' என்று கேட்டவரும் உண்டு. அந்தக் கேள்வி குறும்பன்று, நேர்மையானது. பிறன் கடனைத் தள்ளுபடி செய்ய நமக்கு உரிமையில்லை. போதகர் சொல்லை நாம் இவ்வாறே விளங்கிக்கொள்கின்றோம்: ஒவ்வொரு தாயின் நெஞ்சுக்கும் அவர் தீர்ப்பு எழுதவில்லை, பழிவாங்கும் கூட்டமாகத் தம் சபை மாறாது என்று ஊரறிய வாக்களித்தார். அந்த வாக்கு அன்று எத்துணை வேண்டியதாயிருந்தது என்பதை அடுத்த மாதமே கண்டோம். 2019 மே நடுப்பகுதியில் வடமேல் மாகாணத்திலும் கம்பகாவிலும் வன்கூட்டங்கள் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின. குண்டோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத ஒரு மனிதர் வெட்டுண்டு மாண்டார். ஒருவன் செய்த பிழையை அவன் இனத்தின்மேல் ஏற்றுவது, பதினாயிரம் தாலந்தை யாரோ ஒரு வழிப்போக்கனிடம் அறவிடுவது போன்றது. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் ஒரே கடற்காற்றை வாங்கும் திருகோணமலையில் இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கர்தினால் மல்கம் ரஞ்சித் அவர்களும் மறுவருட உயிர்ப்புப் பெருவிழாவில் தாக்கியவரை மன்னித்துவிட்டதாக உரைத்தார். உரைத்தவர் அத்தோடு அமரவில்லை. உண்மையை வெளிக்கொணருமாறு ஆண்டுக்கு ஆண்டு அரசை நெருக்கினார். 2021 மார்ச்சிற் கத்தோலிக்கர் கறுப்பு ஞாயிறு அனுட்டித்தனர். பாதிக்கப்பட்டோரும் குருமாரும் பிறரும் தொடுத்த வழக்குகளில், முன்னறிவிப்புக் கிடைத்தும் தடுக்கத் தவறிய பொறுப்புக்காக முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் என 2023 சனவரி 12ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மன்னித்தேன் என்றவர் ஏன் நீதி கேட்கிறார்? இது முரணன்றோ?' என்று சிலர் ஏளனஞ் செய்தனர். முரண் யாதும் இல்லை. தன் பகையை விடுவது தனி மனிதன் செயல். நாளைக்கு வேறொரு பிள்ளை சாகாமற் காப்பது அரசின் கடமை. முன்னதைச் செய்தவன் பின்னதைக் கேட்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை. ஒடிசாவில் 1999 சனவரியிற் கிரகாம் ஸ்டெயின்ஸ் என்னும் அவுஸ்திரேலியத் தொண்டரும் 10, 6 வயதுடைய அவர் மைந்தர் இருவரும் ஊர்தியோடு எரிக்கப்பட்டபோது, அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார் கொலைஞரை மன்னித்தார். வழக்கோ தன் வழியே சென்று, உச்ச நீதிமன்றம் 2011இல் ஆயுட்டண்டனையை உறுதிசெய்தது. தம் மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் ஒன்றாகக் குழப்பலாகாது என்பதே அம்மையாரின் நிலை. அவர் தொழுநோயாளர் பணியைக் கைவிடாது தொடர்ந்தமை அந்நிலைக்கு எடை தந்தது.

இனி நம் மாணாக்கன் வினா. மட்டக்களப்பிலும் ஒடிசாவிலும் செய்தவன் யார் என்பது தெரிந்தது. நம் மாவட்டத்தில் அது பெரும்பாலும் தெரிவதேயில்லை. இங்குள்ள புனித சூசையப்பர் கல்லூரியிற் பணிபுரிந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளாரை முதியோர் நினைவிற் கொண்டிருப்பர். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்து, கூடைப்பந்தாட்டத்தை இக்கரையோரத்து இளைஞர்க்குப் பயிற்றியவர். 1990 ஓகஸ்ட் 15ஆந் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். அவரும் உடன் சென்ற தமிழ் இளைஞரும் போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை, ஊர்தியும் கிடைக்கவில்லை. 2006 சனவரி 2ஆந் திகதி நம் நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப் படையினர் 13 பேரும் சான்று போதாமையால் 2019இல் விடுவிக்கப்பட்டனர். அதே 2006 ஓகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர், எவரும் தண்டிக்கப்படவில்லை. மதத்தால் வேறுபட்ட இவ்வீடுகள் எல்லாவற்றிலும் எழுவது அம்மாணாக்கன் கேட்ட அதே வினா.

சுவிசேடத்தில் இதற்கு ஒரு வெளிச்சம் உண்டென்று தோன்றுகிறது. சிலுவையிலிருந்த இயேசு தம்மை அறைந்த போர்வீரரை நோக்கி, 'உங்களை நான் மன்னித்தேன்' என்று சொல்லவில்லை. அவர்களுக்காகத் தந்தையிடம் வேண்டினார். முகம் பார்த்துச் சொல்லும் மன்னிப்பன்று அது. தம் வழக்கை மேலான இடத்தில் ஒப்படைத்தல். அதற்குப் பெயர் வேண்டியதில்லை, முகவரி வேண்டியதில்லை. காணாமற் போனவனின் மனைவி, நள்ளிரவில், 'செய்தவன் எவனாயினும் அவனை அழிக்கும் ஆசையை உம்மிடம் விட்டேன்' என்று சொல்லமுடியுமாயின், அவள் செபம் நிறைவானதே. சொல்ல முடியாத இரவுகளும் வரும். அவற்றுக்காக அவளை எவரும் குறைகூறலாகாது.

ஆனால் ஒப்புரவு என்பது வேறு. அதற்கு முகம் வேண்டும். இந்தூர்ப் பக்கத்தில் 1995இல் இராணி மரியா என்னும் கன்னியரைக் கத்தியாற் குத்திக் கொன்ற சமுந்தர் சிங்கைச் சிறையிற் சென்று கண்டு, 2002இல் அவன் கையில் இராக்கி கட்டினார் கன்னியரின் தங்கையாகிய செல்மி பவுல். அவன் கதறினான், விடுதலையானபின் கேரளத்துக்கே சென்று அவ்வீட்டாரைக் கண்டான். அங்கே குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது, கை நீட்டப்பட்டது, மறுகை அதைப் பற்றிற்று. நம் மாவட்டத்தில் ஒரு கை மட்டுமே வெறுங்காற்றில் நீண்டு நிற்கிறது. பிழைத்த சகோதரனைக் கடிந்துகொள், அவன் மனம் வருந்தினாற் பொறு என்று லூக்கா கூறும் ஒழுங்கில், கடிந்துகொள்வதற்கே ஆள் இல்லை! அரசியல் மேடையில் 'மறப்போம், மன்னிப்போம்' என்று முழங்குவோர் இவ்வொழுங்கை எண்ணிப் பார்ப்பது நன்று. சகேயு தான் அநியாயமாய்ப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பின்னரே அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததாக அறிவிக்கப்பட்டது. மேடையில் நிற்போரிடம் நான்கு மடங்கு எவரும் கேட்கவில்லை. 'எங்கே?' என்னும் ஒரு சொல்லுக்கு விடை கேட்கின்றனர். 2017 முதற் திருகோணமலையிலும் வன்னியிலும் தெருவோரத்தில் உட்கார்ந்த தாய்மாரின் படங்களுக்குக் கீழே எழுதப்பட்டிருந்தது அதுவே.

திருச்சபையினரிடமும் ஒரு குறை சொல்லவேண்டும். பொறுத்தலைப் பாதிக்கப்பட்டவர்மேல் மட்டும் சுமத்தி, பொறுப்பைப் பற்றி வாய் திறவாத பிரசங்கங்களை நாமும் கேட்டிருக்கின்றோம். அப்பிரசங்கங்களின்போது முன்வரிசையில் உத்தியோகத்தர் அமர்ந்திருப்பதும் உண்டு.

அடுத்த வாரம் அந்த மாணாக்கனைத் தனியே அழைத்து, மேலே எழுதியவற்றிற் சிலவற்றைச் சொன்னோம். அமைதியாகக் கேட்டான். தன் பாட்டியார் ஞாயிறுதோறும் பூசைக்குச் சென்று அந்தச் செபத்தை வாய்விட்டே சொல்வார் என்றான். பூசைப் புத்தகம் வைக்கும் பையிலேயே, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அளித்த முறைப்பாட்டின் பிரதியையும் மடித்து வைத்திருக்கிறாராம்.