கேஸ் அலாரம் இருக்குன்னு அசந்து தூங்காதீங்க!

திருவண்ணாமலை:
2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்கு சுற்றுலா சென்ற திருச்சி வாலிபர்கள் 2 பேர், பார்பிக்யூ கரி அடுப்பு இருந்த அறையிலேயே தூங்கியபோது பரிதாபமாக இறந்தனர். 2020 ஜனவரியில் நேபாளத்தில் கேஸ் ஹீட்டர் போட்ட அறையில் 4 குழந்தைகள் உள்பட கேரளாவைச் சேர்ந்த 8 பேர் பலியானார்கள். ஆளைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது.

மார்கழி குளிருக்கு கரி மூட்டுவதும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓட்டுவதும் நம்ம ஊருக்கும் புதுசு இல்லை. பவுர்ணமிக்கு கிரிவலம் வருபவர்கள் ஒரே ரூமில் பத்து பேர் ஜன்னலை சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். வாசலில் கேமரா மாட்டும் லாட்ஜ்காரர்கள், ரூமுக்கு ஒரு அலாரம் மாட்டினால் என்ன?

சிலிண்டர் லீக் அலாரம் வேறு, இது வேறு. சிலிண்டர் கேஸ் காற்றை விட கனம், தரையோரம் தங்கும். அதனால் அந்த அலாரம் கீழே இருக்கணும். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய காற்றின் எடைதான், அறை முழுக்க கலந்துவிடும். எனவே படுக்கும் இடத்துக்கு பக்கத்திலேயே சுவரில் மாட்டணும், தூங்குறவங்க காதில் சத்தம் விழணுமே! அடுப்புக்கு மேலே, ஜன்னல் ஓரம், ஃபேன் காற்று அடிக்கும் இடம், பீரோ மறைவு எதுவும் சரிப்படாது. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க.

அலாரம் அடித்தால் காரணம் தேடி நிற்காமல், எல்லோரையும் எழுப்பி வெளியே ஓடுங்க. அப்புறம் 108க்கு போன் போடுங்க.